தரங்கம்பாடியில் என்ன இருக்கு?

வாசகர் கேள்வி – பதில்

கோடைக்கு எங்கே போகலாம் என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். மலை ஊர்களை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் "என்னைக் கேட்டால் தரங்கம்பாடிதான். மீட்டர்கேஜ் ரயில் ஓடிய காலத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். இன்னும் கெடாத கடற்கரை" என்று எழுதியிருந்தேன். மலை ஊர்களைப் பற்றி ஒரு கடிதம்கூட வரவில்லை. அந்தக் கடைசி வரிகளுக்கு மட்டும் ஒரு பை நிறையக் கடிதம். ஆகவே இந்த இதழ் முழுக்க ஒரே ஊர்தான். மாமியார் பிரச்சினையும் பான் கார்டு பிரச்சினையும் எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேளாங்கண்ணி போகிற வழியில் தரங்கம்பாடியில் காரை நிறுத்தினோம். கோட்டை முன்னால் போட்டோ எடுத்தோம், சுண்டல் சாப்பிட்டோம், முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அங்கே அப்படி என்னதான் இருக்கு மேடம்?
— ஒரு வாசகர், தாம்பரம்

எந்த நேரத்துக்குப் போனீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் ஊகிக்க முடிகிறது: பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில். விடியற்காலை சென்னையை விட்டால் அந்த நேரத்துக்குத்தான் அங்கே போய் நிற்பீர்கள். அப்போது தரங்கம்பாடிக்காரர்களே கடற்கரைப் பக்கம் வரமாட்டார்கள். மணலில் கால் வைக்க முடியாது, கோட்டைச் சுவரைப் பார்த்தால் கண் கூசும். சுண்டல் விற்றவர் உங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்பார்.

ஒரு ராத்திரி தங்க வேண்டும். இதைத் தவிர என்னிடம் பெரிய யோசனை எதுவும் இல்லை. மாலை நாலு மணிக்கு மேல், 1792-இல் கட்டிய அந்த வெள்ளை நுழைவாயிலில் வண்டியை விட்டு இறங்கி, ராஜ வீதியில் கடலைப் பார்த்து நடந்து போங்கள். தெரு நேராகக் கடலில் போய் முடியும். வழியில் இரண்டு தேவாலயங்கள், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில். சீயோன் ஆலயம் 1701-இல் கட்டியது. புதிய எருசலேம் ஆலயம் 1718-இல். அந்த இரண்டாவது ஆலயத்துக்குள்தான் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியாரின் கல்லறை இருக்கிறது. கதவு திறந்திருந்தால் உள்ளே போய் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். வெளியே அடிக்கிற கடல்காற்று உள்ளே வராது. அந்த வித்தியாசத்துக்காகவே நான் ஒவ்வொரு தடவையும் போவேன்.

அப்புறம் கோட்டை. உள்ளே போனீர்களா, வாசலோடு திரும்பிவிட்டீர்களா? தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை இது. நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. நம் கோட்டை அருங்காட்சியகத்தில் இருப்பவை சீனப் பீங்கான் கெண்டி, கண்ணாடிச் சாமான், வாள், ஒரு திமிங்கலத்தின் எலும்பு. அதெல்லாம் பத்து நிமிஷச் சமாசாரம். எனக்குப் பிடித்தது கீழ்த்தளம். சமையல்கட்டு, சாராயக் கிடங்கு, சிறை எல்லாம் அங்கேதான்.

1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு இங்கே வந்து இறங்கினார். அனுப்பியவர் டென்மார்க் ராஜா நான்காம் ஃபிரெடெரிக். இரண்டு வருஷம் கழித்து இதே கோட்டையில் அவரை நாலு மாசம் அடைத்துவைத்தவர் டேனிஷ் கம்பெனியின் கோட்டைத் தலைவர். ராஜா அனுப்பிய ஆளை ராஜாவின் நாட்டுக் கம்பெனியே ஜெயிலில் போட்டது. வியாபாரத்துக்கு இடைஞ்சலான ஆள் என்று நினைத்திருக்கிறார்கள். வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து அச்சு இயந்திரம் வரவழைத்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்து 1715-இல் முடித்தார். தாளுக்குத் தட்டுப்பாடு என்றதும் பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறையே வைத்துவிட்டார்கள். 1719-இல் இறந்தபோது அவருக்கு வயது 36. இதையெல்லாம் படித்துவிட்டுக் கீழ்த்தளத்து அறைக்குள் நின்று பாருங்கள். முக்கால் மணி நேரம் போதாது.

வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அருங்காட்சியகம் திறந்திருக்காது.

குழந்தைகளுக்கு போரடிக்காதா?
— ஒரு தாய், கோயம்புத்தூர்

அடிக்கும். இரண்டாம் நாள் சரியாகிவிடும்.

நிஜமாகவே அந்த ஊர் மாறவில்லையா, அல்லது உங்களுக்கு மாறாததாகத் தெரிகிறதா? நானும் பத்து வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கென்னவோ எல்லாம் மாறியதாகத்தான் படுகிறது.
— ஒரு வாசகர், கும்பகோணம்

மாறியிருக்கிறது. எப்படி மாறியது என்பதுதான் சுவாரசியம்.

நான் முதலில் போனது கல்யாணமான புதிதில். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் போட்ட மீட்டர்கேஜ் பாதை ஒன்று இருந்தது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று வயலுக்கு நடுவே ஒவ்வொரு ஊராக விசாரித்துக்கொண்டே போகும் வண்டி. ஏறுகிறவர்களைவிட இறங்குகிறவர்களே அதிகம்; கடைசியில் பெட்டியில் நாங்களும் ஒரு கூடைக்காரம்மாவும்தான் மிச்சம். எங்கள் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இதுக்கு மேல தண்டவாளம் இல்ல, கடல்தான்" என்றார். 1986-இல் அந்த ரயிலை நிறுத்திவிட்டார்கள். ஆள் ஏறவில்லை, வருமானம் இல்லை.

அந்த ஊரின் கதையே இப்படித்தான். ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்க்கொண்டே இருந்தன. டேனிஷ்காரர்கள் 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஆங்கிலேயர் சில வருஷம் கலெக்டர் கச்சேரியை இங்கே வைத்திருந்தார்கள், அப்புறம் அதுவும் போயிற்று. 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. ரயில் இருக்கிற துறைமுகம் ஒன்று அவ்வளவு பக்கத்தில் இருக்க, ரயில் இல்லாத துறைக்கு எந்தக் கப்பல்காரன் வருவான்? தரங்கம்பாடிக்கு ரயில் வந்து சேர்ந்தபோது ஏற்றிப்போகச் சரக்கே இல்லை.

அமைதியான ஊராக வைத்திருப்போம் என்று யாரும் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. பணம் இருந்தால் ஜனங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டுவார்கள். இங்கே இடிக்கக்கூடப் பணம் இல்லாததால் தூணும் திண்ணையும் தப்பித்தன. நான் அந்தக் காலத்தில் பார்த்தபோது கடலோரத்துப் பழைய கலெக்டர் பங்களா பேய் வீடு மாதிரி இருந்தது. மேல்மாடி வராந்தாவில் வெளவால். எங்களுக்குத் தங்க இடம் கிடையாது. பொறையாரில் என்னோடு பேங்கில் வேலை பார்த்தவளின் அத்தை வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு, காலையில் நடந்து வருவோம்.

2000-க்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் வந்தது. டென்மார்க்கிலிருந்து ஆர்வலர்கள் வந்து கோட்டையைச் செப்பனிட உதவினார்கள். வெளவால் பங்களா பாரம்பரிய விடுதி ஆனது. தெருவில் சில வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு வந்தது. சீகன்பால்கு வாழ்ந்த வீட்டில் ஓர் அருங்காட்சியகம் வந்திருக்கிறது. விடுதியில் நான் தங்கியிருக்கிறேன், நன்றாகவே இருந்தது. ஆனால் அறைக்குள் குழல்விளக்கு எரிந்த தெம்பில் பழைய வெளவால்களைத் தேடினேன் என்றால் நம்புங்கள்.

நடுவில் 2004 டிசம்பர் 26, சுனாமி. அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. தரங்கம்பாடியிலும் சுற்றுக் குப்பங்களிலும் நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள். நான் அடுத்த மாசி மாசம் போனேன். போகலாமா கூடாதா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். வழக்கமாக எனக்கு மீன் தருகிற அக்கா இருந்தார். கூடை இல்லை. "வா, உட்காரு" என்றார், ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. இப்போது அவருக்குக் கடலைவிட்டுத் தள்ளிப் புது வீடு. கான்கிரீட் வீடு, கழிவறை எல்லாம் உண்டு. கடல் சத்தம் கேட்காமல் தூக்கம் வரவில்லை என்று முதல் இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்வதில்லை.

அதற்கப்புறம் கரையில் கல் கொட்டினார்கள். மீன்பிடித் துறைமுகம் வந்தது. 2020-இல் நாகை மாவட்டத்திலிருந்து பிரிந்து மயிலாடுதுறை மாவட்டம் ஆனது. விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்கு வழிச்சாலையும் அந்தப் பக்கமாகவே போகிறது. எனவே பத்து வருஷமாக எல்லாம் மாறுவதாக உங்களுக்குப் படுவது சரிதான். நீங்கள் பார்க்கத் தொடங்கியது, ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தவை திரும்பி வரத் தொடங்கிய காலம்.

உலகத்திலேயே ஓசோன் அதிகமான கடற்கரைகளில் தரங்கம்பாடியும் ஒன்றாமே? என் கணவருக்கு ஆஸ்துமா. அங்கே ஒரு வாரம் தங்கினால் குணமாகுமா?
— ஒரு வாசகி, ஈரோடு

ஊரில் எல்லோரும் சொல்வார்கள், ஆட்டோக்காரர் உட்பட. நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

ஓசோனை 1840-இல் ஷோன்பைன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் ஐரோப்பாவில் ஒரு மோகம். கடல்காற்றில் ஓசோன் நிறைந்திருக்கிறது, அதை இழுத்து மூச்சுவிட்டால் நோய் ஓடிவிடும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். கடலோர விடுதிக்காரர்கள் அதையே விளம்பரம் செய்தார்கள். அந்தப் பேச்சு ஐரோப்பாவில் ஓய்ந்து நூறு வருஷம் ஆகியிருக்கும், நம் கரையில் இன்னும் ஓயவில்லை. ஓசோன் நமக்கு நன்மை செய்வது வானத்தில் இருபது, முப்பது கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்போது. மூக்குக்குப் பக்கத்தில் வந்தால் அது நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு. ஆஸ்துமாக்காரர்களுக்கு இன்னும் மோசம். அங்கே அது நிஜமாகவே அதிகமாக இருந்தால், உங்கள் கணவரை அழைத்துப் போகாதீர்கள் என்றுதான் நான் எழுத வேண்டியிருக்கும்.

கடலோரத்தில் நாம் 'ஓசோன் வாசனை' என்று நினைத்து இழுப்பது பெரும்பாலும் டைமீத்தைல் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம். கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் சிதையும்போது வருவது. தரங்கம்பாடியில் காற்று நன்றாக இருக்கிறது என்பது உண்மை. வண்டிப் புகை குறைவு, பகலில் கடலிலிருந்து காற்று வந்துகொண்டே இருக்கும். அவ்வளவுதான். இன்ஹேலரை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே ராத்திரியில் மருந்துக்கடை தேட வேண்டாம்.

மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் முழுசாகக் கொண்டுபோய்விடுமா? சின்ன வயதில் பார்த்ததற்கும் இப்போதைக்கும் கடல் நெருங்கி வந்த மாதிரி இருக்கிறது.
— ஒரு வாசகர், சீர்காழி

நீங்கள் சின்ன வயதில் பார்த்தபோதே பாதி போயிருக்கும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், பதினாலாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில். அதன் கல்வெட்டில் இந்த ஊருக்குச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் பெயர். கட்டும்போது அலை நனைக்கும் இடத்தில் யாரும் கோயில் கட்டியிருக்க மாட்டார்கள் இல்லையா? அப்போது கடல் நன்றாகத் தள்ளி இருந்திருக்க வேண்டும். முன்மண்டபத்தை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அலை இழுத்துக்கொண்டது. கோட்டையின் கடல் பக்கத்து மதிலும் அப்படிப் போனதுதான். நான் புதிதாகப் போன காலத்தில், தண்ணீர் வற்றும்போது மணலில் செதுக்கிய கல் ஒன்றிரண்டு தலை நீட்டும். பையன்கள் அதில் ஏறி நின்று தூண்டில் போடுவார்கள்.

இப்போது பெரிய பெரிய கருங்கல்லாகக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். அந்த இடத்துக்கு அது பாதுகாப்பு. ஆனால் கல் கொட்டினால் கடல் சும்மா போய்விடாது என்பதையும் சொல்ல வேண்டும். நம் கிழக்குக் கரையில் மணல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவ மாசங்களில் அலை அதை வடக்கே தள்ளும், ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே தள்ளும். வருஷக் கணக்கு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு கல்சுவர் நின்றால், தென்புறத்தில் மணல் சேரும், வடபுறத்துக்கு வரவேண்டிய மணல் வராமல் கரை அரியும். சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினா அகலமானதும் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் தெருவுக்கு வந்ததும் இதனால்தான். எனவே கோயில் இருக்குமா என்று கேட்பவர்கள், கல்லுக்கு வடக்கே இருக்கிற குப்பங்கள் இருக்குமா என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எந்த மாசம் போகலாம்?
— ஒரு வாசகி, மதுரை

தை, மாசி. பங்குனி பாதிவரை பரவாயில்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி பாதிவரை மழை, புயல் பயம். சித்திரையிலும் வைகாசியிலும் மத்தியானம்வரை மேல்காற்று அனலாக அடிக்கும். கடல்காற்று உள்ளே நுழைந்தபிறகுதான் ஊர் மூச்சுவிடும். தை, மாசியில் இன்னொரு லாபம், அந்தக் கரையோரத்தில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம் அது. ராத்திரியில் கரையில் ஆமையைப் பார்த்தால் டார்ச் அடிக்காதீர்கள், பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். மிரண்டு முட்டையிடாமலே திரும்பிவிடும்.

பிள்ளைகள் கடலில் குளிக்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள். பார்த்தால் அலை அதிகமில்லை. இறங்கலாமா?
— ஒரு வாசகர், திருச்சி

முட்டி அளவு. அதற்கு மேல் வேண்டாம், நீச்சல் தெரிந்திருந்தாலும்.

கரையில் மோதிய தண்ணீர் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? அது மணல் திட்டுக்கு நடுவே ஒரு வாய்க்கால் பிடித்துக்கொண்டு வேகமாகக் கடலுக்குள் போகும். அந்த வாய்க்கால் மேலே அலை உடையாது. அதனால் மற்ற இடங்களைவிட அமைதியாகத் தெரியும். விஷயம் தெரியாதவர்கள் 'இங்கே அலை இல்லை' என்று சரியாக அந்த இடத்தில்தான் இறங்குவார்கள். இழுத்துக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, தெம்பு போய்விடும். கரைக்கு இணையாக இடமோ வலமோ நீந்தி, இழுப்பிலிருந்து விலகியபின் கரைக்கு வர வேண்டும். இது தெரிந்தும் பயத்தில் மறந்துபோகும் என்பதால்தான் முட்டி அளவு என்றேன். இன்னொன்று, கொட்டியிருக்கும் கல் மேல் பிள்ளைகளை ஏற விடாதீர்கள். பாசி வழுக்கும், கல்லுக்கு நடுவில் கால் மாட்டிக்கொள்ளும்.

இறங்குவதற்கு முன்னால் கரையில் வலை பிரிக்கிற யாரையாவது கேளுங்கள். "இன்னைக்கு இறங்காதீங்க" என்று சொன்னால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காமல் திரும்பிவிடுங்கள்.

நான் தனியாகப் போகலாம் என்றிருக்கிறேன், வயது 34. வீட்டில் யாருக்கும் கடல் பிடிக்காது. பாதுகாப்பாக இருக்குமா அக்கா?
— ஒரு வாசகி, நாமக்கல்

தாராளமாகப் போங்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு முட்டிவலி வந்தபிறகு நான் தனியாகத்தான் போகிறேன். நுழைவாயிலுக்கு உள்ளே, பழைய ஊருக்குள் தங்குங்கள். அங்கே எல்லார் வீட்டுக்கும் உங்களைத் தெரிந்துவிடும். முதல் நாள் "எந்த ஊரு?", இரண்டாம் நாள் "கல்யாணம் ஆயிடுச்சா?", மூன்றாம் நாள் "சாப்டியா?" என்று விசாரிப்பார்கள். தொல்லையாகத் தோன்றும், ஆனால் அதுதான் உங்கள் காவல். இருட்டியபின் கரையில் விளக்கு குறைவு, ஆள் குறைவு. ஏழு மணிக்குள் தெருவுக்கு வந்துவிடுங்கள். சாப்பாட்டுக் கடையும் சீக்கிரம் மூடுவார்கள்.

நல்ல மீன் எப்போது கிடைக்கும்?
— ஒரு வாசகர், நெய்வேலி

காலையில் போட் திரும்பும் நேரம். பேரம் பேசலாம், அதிகம் பேசாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது. கிட்டத்தில் போய்வரும் பைபர் போட் மீன்தான். கொஞ்சமாக இருக்கும், ஆனால் அன்றன்றைக்குப் பிடித்தது. என் ஓட்டு அந்தச் சின்ன மீனுக்குத்தான். வஞ்சிரம் வேண்டும் என்பவர்கள் நெய்வேலியிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

"இன்னும் கெடாத கடற்கரை" என்று எழுதியிருந்தீர்கள். நான் அந்தப் பக்கத்துப் பையன்தான் அம்மா. எங்க அப்பா கடலுக்குப் போனார், நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். துறைமுகம் வந்தபோது உங்களை மாதிரி வந்துபோகிறவர்கள்தான் "ஐயோ, அழகு போச்சே" என்றார்கள். உங்களுக்கு அமைதி, எங்களுக்கு வேலை இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு வாசகர், திருப்பூர்

உங்கள் கடிதத்தை ஒரு வரியும் வெட்டாமல் போடச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன், தம்பி.

துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். போட்டைக் கரையில் ஏற்றி இறக்க எத்தனை பேர் தோள் கொடுக்க வேண்டும் என்பதை நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். காற்று மாறினால் அதுவும் முடியாது, அன்றைய பிழைப்பு போச்சு. போட் கட்ட ஒரு பாதுகாப்பான இடம் வேண்டும் என்று உங்கள் அப்பா கேட்டிருந்தால், எனக்கு டீசல் வாசனை பிடிக்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? வருஷத்தில் நாலு நாள் வந்து தங்குகிற எனக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை, இருக்கவும் கூடாது.

ஆனால் கெடாத கடற்கரை என்பதிலிருந்து நான் பின்வாங்கப் போவதில்லை. நான் பல கடற்கரைகளைப் பார்த்துவிட்டேன். சில ஊரில் கடலுக்கு முன்னால் வரிசையாகச் சொகுசு விடுதி, விடுதிக்கு முன்னால் வேலி, வேலிக்கு முன்னால் காவல்காரர். வலை காயப்போட இடமில்லாமல் மீனவர்களை ஓர் ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். உங்கள் ஊரில் இன்றும் ராஜ வீதி முனையில் விடுதி விருந்தாளி நடக்கிற மணலிலேயே உங்கள் சித்தப்பா வலை பிரிக்கிறார். விருந்தாளிதான் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. எனக்குக் கெடாதது என்றால் அதுதான். துறைமுகத்தால் அது போகவில்லை. நான்கு வழிச்சாலை முழுசாகத் திறந்து, சென்னைக்காரர்கள் ஐந்து மணி நேரத்துக்குள் வர ஆரம்பித்து, கடலோர மனைக்கு விலை பேசும்போது போகலாம். ரயில் போனதும் கப்பல் போனதும் யாரும் உங்கள் ஜனங்களைக் கேட்டுச் செய்யவில்லை. இப்போது வருவதும் கேட்டு வருகிற மாதிரி தெரியவில்லை. மனைக்காரர்கள் வந்தால் என்ன செய்வதாக உங்கள் பஞ்சாயத்து யோசித்திருக்கிறது என்று தெரிந்தால் எழுதுங்கள். அதையும் வெட்டாமல் போடச் சொல்கிறேன்.

காரில்லாமல் எப்படிப் போவது?
— ஒரு வாசகி, வேலூர்

ரயிலில் மயிலாடுதுறை வரை. அங்கிருந்து தரங்கம்பாடி முப்பது கிலோமீட்டர். பொறையார் பக்கம் போகும் பஸ் அடிக்கடி உண்டு. சென்னையிலிருந்து காரைக்கால், நாகை, வேளாங்கண்ணி போகும் பஸ்களும் நிற்கும். ஆனால் ராத்திரி பஸ்ஸில் வந்தால் கண்டக்டரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள், பாதி பேர் தூக்கத்தில் காரைக்கால் போய்விடுகிறார்கள். அப்படிப் போய்விட்டாலும் பரவாயில்லை, காரைக்காலிலிருந்து திரும்பிவர அரை மணி நேரம்தான்.